கைவிட்ட எண்

சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் இப்போதெல்லாம் நேராக மேலேயே வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள் என்று என் தங்கை சொன்னாள். கிள்ளானில் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் குடியிருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் வெளியாள் யார் வந்தாலும் கீழே தடுப்புக்கட்டையில் நிற்க வேண்டும். காவலாளி வீட்டு எண்ணை இயந்திரத்தில் தட்டுவார். வீட்டுக்காரருக்கு மணி அடிக்கும். வந்தவரின் முகத்தைத் திரையில் பார்த்து அவர் பொத்தானை அழுத்தினால்தான் கட்டை உயரும். கொஞ்ச நாளாக அவளுக்கு மணியே அடிப்பதில்லையாம்.

"வாசல் கார்டுக்கு ஆளுங்க பழகிப்போச்சு போலக்கா. அவரே விட்டுடுறாரு," என்றாள். ஏதோ வசதி கூடிவிட்டதைப் போலச் சொன்னாள்.

நான் தாளித்துக்கொண்டிருந்தேன். கடுகு வெடித்து அடங்கிய பிறகுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. அந்தக் காவலாளிகளை எனக்குத் தெரியும். அடிக்கடி ஆள் மாறும், யாரும் யாருக்கும் பழக வழியில்லை. அதோடு, பதில் வராமல் அந்த இயந்திரம் கட்டையைத் தூக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வதே நான் வேலை செய்யும் கம்பெனிதான். அவள் பதில் சொல்லவில்லை என்றால் வேறு யாரோ பதில் சொல்கிறார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு, நீ நம்பர் ஏதும் மாற்றினாயா என்று கேட்டேன். கீரைக் காம்பிலிருந்து கண்ணை எடுக்காமல், மாற்றித்தான் மாதக்கணக்காகிறதே என்றாள். என்னிடம் புது நம்பர் கொடுத்தபோது, பழையது இருக்கட்டும், இது இரண்டாவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் பழையதை ஒரேயடியாகத் தலைமுழுகியிருந்தாள்.

அவள் ஏன் தனியாக இருக்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் புருஷன் கை நீட்டுகிறவன். குரலை உயர்த்தாமல், பல்லைக் கடிக்காமல், மேசை துடைப்பதைப் போல அமைதியாக அடிக்கிறவன். கோர்ட்டில் ஆர்டர் வாங்கியிருக்கிறோம், அவன் அவளை நெருங்கக் கூடாது. அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். சொந்தக்காரர்கள் கேட்டால் அம்பாங் பக்கம் என்று சொல்லி வைத்திருந்தோம். அந்த ஒரு விஷயத்தில்தான் அவள் நிம்மதி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தது.

நம்பரை விட்டது அம்மாவின் யோசனை. பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு மாடியில் எண் ஜோதிடம் பார்க்கிறவர் இருக்கிறார். எங்கள் ஆட்களுக்குக் கார் பிளேட் எண், குழந்தை பெயர், கடைப் பெயர் எல்லாம் அங்கே போய்வந்துதான் முடிவாகும். அவர் தங்கையின் போன் எண்ணைக் கூட்டிப் பார்த்து எட்டு வருகிறது, சனி உட்கார்ந்திருக்கிறது என்று உதட்டைப் பிதுக்கியிருக்கிறார். போதாக்குறைக்கு, அந்த எண் அவன் கல்யாணத்தின்போது பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. கடைசி இலக்கங்கள் அவன் எண்ணில் இருப்பதைப் போலவே இருக்கும்.

"அவன் குடுத்த பீடை. தூக்கிப் போட்டுட்டு வா," என்று அம்மா சொல்லியிருக்கிறார். அவளும் போன் கம்பெனி கவுண்டருக்குப் போய் எண்ணை ரத்து செய்துவிட்டு, கோயிலுக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. போன் எண் பழந்துணி இல்லை, தூக்கிப் போட்டால் குப்பைக்குப் போய்ச் சேர. கொஞ்ச காலம் சும்மா கிடக்கும், பிறகு மறுபடி கடைக்கு வரும். அவள் புருஷனுக்குக் கிள்ளானில் கைத்தொலைபேசிக் கடை. அழகான நம்பர், ராசியான நம்பர் என்று கண்ணாடியில் ஒட்டி வைத்து விற்பதுதான் அவன் தொழிலே.

என் தொழிலையும் சொன்னால்தான் மீதி புரியும். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேலே எங்கள் அலுவலகம். ஒரு போன் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதைக் கடைசி இலக்கத்திலிருந்து திருப்பி எழுதி, ஒவ்வொன்றுக்கும் நடுவே புள்ளி வைத்து, பின்னால் ஒரு வால் சேர்த்தால் அது ஓர் இணைய முகவரி ஆகிவிடும். இணையத்தில் பெயரைச் சொன்னால் இடத்தைக் காட்டுகிற அடைவு ஒன்று இருக்கிறது. அதனிடம் இந்த முகவரியைக் கேட்டால், இந்த எண்ணுக்கு வரும் பேச்சு இன்ன இடத்துக்குப் போகிறது, மின்னஞ்சல் இன்ன இடத்துக்கு, வாசல் மணி இன்ன கட்டடத்திலிருந்து வருகிறது என்று வரிசையாகச் சொல்லும். ஒரு மனிதரின் எண் தெரிந்தால் அவருடைய எல்லாக் கதவும் தெரியும். வாடிக்கையாளர்களிடம் இதை நாங்கள் பெருமையாகத்தான் சொல்லி விற்கிறோம்.

அவள் எண்ணை ரத்து செய்த பிறகும் அடைவில் இருந்தது அப்படியேதான் இருந்தது. சிம் செத்தாலும் கொண்டோ இயந்திரம் அவள் வீட்டுக்குப் பதிந்திருந்த பழைய எண்ணைத் திருப்பிப் போட்டுத் தேடி, சமீபம் வரை அவள் வீட்டு டேப்லட்டில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது. அதனால் அவளுக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. கொண்டோ நிர்வாக அலுவலகத்தில் எண்ணை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த எண்ணைத் தேடினேன். பேச்சு போகும் இடம் மாறியிருந்தது. அவள் டேப்லட் அங்கே இல்லை, நான் பார்த்தேயிராத ஓர் இடம் இருந்தது. வாசல் மணிக்கான வரி மட்டும் பழையபடி இருந்தது, அதில் கொண்டோவின் பெயர், வீட்டு எண் எல்லாம் முழுசாக எழுதியிருந்தது. அம்பாங் என்று நாங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிக் காத்த ரகசியத்தை, கேட்டவருக்கு எங்கள் அடைவே எடுத்துக் கொடுத்திருக்கிறது.

மேலாளரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது என்றார். எண் யாரிடம் இருக்கிறதோ அந்த முகவரியும் அவருக்குத்தான். அந்த எண்ணுக்கு ரகசியக் குறியீடு அனுப்பியிருக்கிறது, அந்த எண்ணை வைத்திருப்பவர் அதைச் சரியாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். இது நியாயமான விதி என்று நானே கூட்டங்களில் தலையாட்டியிருக்கிறேன்.

"அடுத்தவங்க நம்பர்ல நாம கை வைக்க முடியாதுலா," என்றார். தங்கையை நிர்வாக அலுவலகத்தில் மனுக் கொடுக்கச் சொன்னார். அங்கே போன் செய்து கேட்டேன், திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அப்போதும் எனக்கு ஒரு நப்பாசை. அந்த எண்ணை வாங்கியது யாரோ முன்பின் தெரியாதவராக இருக்கலாம். எங்கிருந்தோ மணி அடிக்கிறது என்று எரிச்சலில் பொத்தானை அழுத்தித் தள்ளுகிறவராக இருக்கலாம். தெரியாமல் தங்கையைப் பயமுறுத்த வேண்டாம் என்று, வீடு திரும்பியதும் கதவைப் பூட்டிக்கொண்டு இரு, சாயங்காலம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன்.

நல்ல மழை. கட்டைக்கு முன் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, வீட்டு எண்ணைச் சொன்னேன். காவலாளி நேப்பாளி, சின்ன வயசு. எண்ணைத் தட்டினார். இயந்திரத்தின் கேமராவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். 

"வாங்கக்கா," என்றது இயந்திரம். "மழையில நனையாதீங்க. அவ மேலதான் இருக்கா, இப்பதான் வந்தா."

கட்டை உயர்ந்தது.

அது தங்கை புருஷனின் குரல். கியரைப் போடவே முடியவில்லை. அவள் காரில் ஒட்டியிருக்கும் நுழைவு அட்டை வாசலைத் தாண்டும்போதெல்லாம் வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி போகும். அதுவும் அந்த எண்ணுக்குத்தான். அவள் எத்தனை மணிக்குப் போகிறாள், எப்போது திரும்புகிறாள் என்பதெல்லாம் கிள்ளானில் கடையில் உட்கார்ந்தபடியே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. காவலாளி குனிந்து, அந்த வீட்டு போஸ், வீட்டுக்கார ஐயா, ரொம்ப நல்லவர், ஒரு தடவைகூடக் காக்க வைத்ததில்லை என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

மேலே போய்த் தங்கையிடம் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு சோபாவில் உட்கார்ந்து முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே, ஒரு நாள் காலையில் வெளியே கழற்றிப் போட்டிருந்த செருப்புகளெல்லாம் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் அடுக்கியிருந்தன, துப்புரவு செய்கிற ஆன்டி செய்திருப்பார் என்று நினைத்தேன் என்றாள். வீட்டில் செருப்பை அப்படி அடுக்குகிறவன் அவன். அவள் சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் கதவையே பார்த்தோம்.

"மேல வரைக்கும் வந்துட்டுப் போயிருக்காரு," என்றாள்.

அதற்குமேல் அங்கே ஒரு நிமிஷம்கூட அவளை வைத்திருக்க எனக்கு மனசில்லை. என் வீடு அவனுக்குத் தெரியும், அங்கே போக முடியாது. என்னோடு படித்த தோழி ஒருத்தி பந்திங்கில் இருக்கிறாள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடு, அவளை எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. கூப்பிட்டுக் கேட்டேன். எதுவும் விசாரிக்காமல், வாங்க, அறையை ஒழித்து வைக்கிறேன் என்றாள். அங்கே தங்கையை விட்டுவிட்டு நேராகப் போலீஸ் பலாயில் புகார் கொடுக்கப் போவதென்று முடிவு செய்தேன். தங்கை இரண்டு பெட்டி, சோற்றுப் பானை, சாமி படம், ஒரு மூட்டைத் துணி என்று கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டாள். அவள் காரைத் தொட வேண்டாம் என்றேன். தொட்டால் அவனுக்குச் செய்தி போகும். என் காரிலேயே ஏற்றினோம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று எனக்கே அப்போது தைரியம் வந்திருந்தது.

வெளியே போகும் வழியிலும் அதே காவலாளிதான். பின்சீட்டில் பெட்டிகளைப் பார்த்ததும் கையைக் காட்டினார். வெளியார் காரில் வீட்டுச் சாமான் போனால் வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் விட வேண்டும், அது அங்கே விதி. வீட்டுக்காரி நான்தான் என்று தங்கை சொன்னாள். அவர் சிரித்தபடியே, தெரியும் மேடம், சும்மா ஒரு கன்ஃபர்ம் என்று சொல்லிக்கொண்டே இயந்திரத்தில் எண்ணைத் தட்டினார். வேண்டாம் என்று நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

இந்த முறையும் அவன் உடனே எடுத்தான். காவலாளி விஷயத்தைச் சொன்னார். சாமானா, எங்கே போகிறார்களாம் என்று அவன் சாந்தமாகக் கேட்டான். காவலாளி எங்களைத் திரும்பிப் பார்த்து அதையே கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கையைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவளும் உதட்டை இறுக்கிக்கொண்டு முன்கண்ணாடியையே பார்த்தாள். மழை இயந்திரத்தின் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. போலீஸ், கோர்ட் என்று எல்லாவற்றையும் அவனிடம் கத்திவிட வேண்டும் போல இருந்தது. ஆனால் கத்தினால் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே நிற்க வேண்டி வரும், பேசாமல் இருந்தால் காவலாளி சலித்துப்போய் விட்டுவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

அவன் எங்களை எதுவும் மிரட்டவில்லை. குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் கேட்பதைப் போலக் கேட்டான்.

"சாப்பிட்டியாம்மா?"

"இன்னும் இல்லங்க," என்றாள் என் தங்கை. "பந்திங் போய்த்தான்."

சொன்ன பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை வருஷப் பழக்கம், யோசிக்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவள்மேல் கோபமே வரவில்லை.  இயந்திரத்துக்குள் அவன் சரி என்றான், விடுங்க போஸ் என்று காவலாளியிடம் மரியாதையாகச் சொன்னான், பொத்தானை அழுத்தினான்.

கட்டை உயர்ந்தது. பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். தங்கை அழ ஆரம்பித்திருந்தாள். எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமலே நான் வண்டியை எடுத்தேன்.