சன்னல் வழியே வந்த துண்டு

சங்கரன்கோவில் பேருந்து நிலையம். கிளம்பக் காத்திருக்கும் புளியங்குடிப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். யாரோ ஒருவர் வெளியிலிருந்து துண்டை நீட்டுகிறார்.

"அண்ணாச்சி, இதைப் பக்கத்துல போட்டு வையுங்க. இந்தா வந்துட்டேன்."

போடுகிறேன். காலில் கட்டுடன் ஏறிய பெரியவர், "சார், இங்கன ஆள் இருக்கா?" என்கிறார்.

"ஆள் வருது."

யாரய்யா அவர், என்னைக் காவல் வைக்க? துண்டுக்காரர் வடை வாசனையோடு நிதானமாக ஏறுகிறார்.

"அண்ணாச்சி, சன்னலோரம் விடுதியளா? எனக்குத் தலை சுத்தும்."

நகர்கிறேன். அவரோ உடனே துண்டால் முகத்தை மூடித் தூங்குகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கம்பியைப் பிடித்து நிற்கும் பெரியவர் என்னைப் பார்க்கிறார்.

"நான் சார்னு கூப்பிட்டது தப்பாப் போச்சு, அண்ணாச்சி."

அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து நிற்கிறேன்.