பூந்தமல்லி மண்டபத்தில் எண்பது ஸ்டீல் பாட்டில்கள்

டென்மார்க்கில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த அன்று, குடிக்கத் தண்ணீர் எங்கே என்று கேட்டேன். உடன் வேலை செய்த பெண் கழிப்பறைக் கதவைக் காட்டினாள். என் நிறத்தைப் பார்த்து அவமானப்படுத்துகிறாள் என்று நினைத்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவளே அங்கே கைகழுவும் குழாயில் தன் பாட்டிலை நிரப்பி, என் எதிரிலேயே குடித்தாள். இந்த ஊரில் எல்லாக் குழாயிலும் வருவது ஒரே தண்ணீர்தான். அன்று வாங்கிய ஸ்டீல் பாட்டில் இன்றும் என் பையில் இருக்கிறது. கடையில் தண்ணீர் வாங்குவதை விட்டே விட்டேன்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தபோது நானும் தங்கை கலாவும் பள்ளிக்கு ஒரே வாட்டர்பேக்கைத்தான் மாற்றி மாற்றித் தூக்கிப் போவோம். அவள் இப்போது மண்ணூர்பேட்டையில் இருக்கிறாள். போன வருடம் அவள் மகள் ரேவதியின் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். பாடி மேம்பாலத்தருகே மழைநீர்க் கால்வாயை அடைத்துக் கிடந்த பாட்டில்களைப் பார்த்ததும் எனக்குள் ஒரு வேகம் வந்தது. பந்தியில் பிளாஸ்டிக் பாட்டிலே கூடாது, ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலில் கேன் தண்ணீரை நிரப்பி வைத்து, பாட்டிலையும் கொடுத்தனுப்பலாம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் ஒரு மாதிரி என்று கலா தயங்கினாள். நான் சொன்னால் அவளால் மறுக்க முடியாது. அது தெரிந்துதான் சொன்னேன்.

பூந்தமல்லி மண்டபத்தில் முதல் பந்தியிலேயே மாப்பிள்ளையின் அத்தை பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாம்மா இது, சீலே இல்லாம கீது?"

இதற்காகவே காத்திருந்தவள்போல நான் டென்மார்க் கதையை ஆரம்பித்தேன். கழிப்பறைக் குழாய் என்ற இடத்திலேயே அவர் கையை உயர்த்தினார்.

"கக்கூஸ் தண்ணியவா எங்களுக்கு ஊத்தி வெச்சிக்கீறீங்க?"

நான் விளக்குவதற்குள் பாட்டிலை இலைமேல் கவிழ்த்துவிட்டு எழுந்தார். வரிசையே எழுந்தது. யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அண்ணன் எதிர்க்கடையிலிருந்து தண்ணீர் பாட்டில் கட்டுகளைத் தூக்கிவந்து, எங்கள் கண்ணெதிரே ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். கலா கைகூப்பியபடி ஆள் ஆளாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனாள்.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவளைப் பிடித்தேன். அவள் அழவில்லை. "நீ ஃப்ளைட் ஏறிப் பூடுவக்கா. அந்த ஊட்ல பேச்சு வாங்கப் போறது என் பொண்ணு."

அவள் சொன்னபடியே ரேவதிக்குப் பேச்சு விழுந்தது. தண்ணீர் ஊற்றிய பெரியம்மா கல்யாணத்துக்கு வரக் கூடாது என்பது மட்டும்தான் அந்த அத்தையின் நிபந்தனை. கலா அதைப் போனில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். சரியென்று ஒத்துக்கொண்டது ரேவதிதானாம்.

நான் சொன்னதில் பிழையில்லை என்றே இன்னும் நம்புகிறேன். ஆனால் அதைச் சோதித்துப் பார்க்க, எதிர்த்துப் பேசாத என் தங்கையைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

முகூர்த்த நேரம் இங்கே நான் காலை வேலைக்குக் கிளம்பும் நேரம். கலாவின் கணவர் வீடியோ காலில் அழைத்து ஒரு நிமிடம் பந்தியைக் காட்டினார். இலைக்கு இரண்டு பாட்டில், சீலோடு. யாரோ அவரைக் கூப்பிட, போனை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். கெட்டிமேளம் கேட்டது. வேலைச் சீருடையில், ஒரு கைப்பிடி மஞ்சள் அரிசியோடு, மண்டபத்து மேற்கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி நின்றேன்.