யசிந்தா அக்காவின் நூறு தரையிறக்கங்கள்

செய்தி வந்தபோது நான் இணுவிலில், ஒரு வேலியோரம், அளவை நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கைபேசியில் அலுவலகத்துக் குரல். யசிந்தா அக்கா காலைப் பூசைக்கு வெளிக்கிட்டவர், வீட்டு வாசல் படலையடியில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மூளையில் இரத்தக் கசிவு.

"ஓம்" என்றேன். நாடாவை விடவில்லை. மறுமுனையில் நின்றவர் வாசித்த அளவை எழுதினேன். திரும்பவும் வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

இதை வாசிக்கும் பலருக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. உங்கள் காணி உறுதிப் பத்திரத்தோடு மடித்து வைத்திருக்கும் வரைபடத்தின் கீழ் மூலையில், வரைந்தவர் என்ற இடத்தில், சாய்வில்லாத இரண்டு எழுத்துகள் இருந்தால் அது அவர்தான். மீனவர் ஊரான குருநகர். நாற்பத்தாறு வயது. மணம் செய்யவில்லை. எங்கள் நில அளவை அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் படவரைஞர். நான் தத்துவம் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், மூன்று வருடமாக அவருக்குப் பக்கத்து மேசையில் இருந்தேன்.

அவருடைய வரைபடங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுதுவது அவர் ஓட்டிய விமானத்தைப் பற்றி.

போன ஆடி மாதம் கோயில் திருநாளுக்கு நோர்வேயிலிருந்து அவருடைய தம்பி அன்ரன் வந்தார். பெட்டிக்குள் ஒரு மாதிரி விமானம். நுரை அட்டையால் ஆனது, இரண்டு கையையும் விரித்த அகலம், ரிமோட்டால் ஓடுவது. கடற்கரையில் ஒருநாள் பறக்கவிட்டார். அக்காவின் கையில் ரிமோட்டைக் கொடுத்தார். ஒரு நிமிடத்தில் அது கடல் பக்கம் சரிந்தது. தம்பி பறித்து மீட்டார்.

"நீ தொட்டா உடைச்சுப் போடுவாய், அக்கா. நூறு தரம் கொம்பியூட்டரிலை இறக்கிப்போட்டுத் தொடு. அதுவரைக்கும் பெட்டிக்குள்ளை கிடக்கட்டும்."

விமானத்தை விட்டுவிட்டுப் போனார். மாற்று இறக்கை இல்லை. உடைந்தால் அவ்வளவுதான்.

மறுநாள் அலுவலகத்தில் அக்கா என் மேசைக்கு வந்து நின்றார். பொதுவாக அவர் வந்து நிற்பவர் அல்ல.

"ஒரு நிமிசம் பிள்ளை. ஒரேயொரு நிமிசம். என்ரை கை அங்கை மேலை நிண்டது."

அடுத்த ஆடிக்கு முன், தானே அதை ஏற்றி, தானே இறக்கி, உடையாமல் தம்பிக்குப் படம் அனுப்பவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது மட்டும்தான்.

அதற்கு முதலில் ஒரு சிமுலேற்றர் வேண்டும், கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள். அக்காவின் வீட்டில் இருந்தது அலுவலகம் கழித்துவிட்ட கணினி. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே மேசை. நான் சனிக்கிழமைப் பின்னேரங்களில் போவேன். பழைய வரைபடத் தாளின் பின்பக்கத்தில் அவர் கட்டம் போட்டிருந்தார். பெயர், விலை, இந்தக் கணினியில் ஓடுமா, எங்கள் ரிமோட்டை ஏற்குமா. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை.

"இது என்ன, அக்கா?"

"பயம் வருதோ எண்டு."

முதலாவதில் மரங்கள் காற்றில் அசைந்தன, புல்லில் நிழல் விழுந்தது. கணினி தாங்கவில்லை. விமானம் நின்று நின்று பறந்தது. "திருவிழாத் தேர் மாதிரி. ஆரோ இழுக்கினம்" என்றார். விலையும் எங்களுக்கு எட்டாதது. இரண்டாவது மாதச் சந்தா. ஓடும் நேரமெல்லாம் இணையம் வேண்டும், மழை பெய்தால் எங்கள் பக்கம் இணையம் போய்விடும். மூன்றாவது கைபேசியில் ஓடுவது. கண்ணாடியில் விரலைத் தேய்க்கவேண்டும்.

"உது தேங்காய்ப்பூ வழிக்கிற மாதிரி. ரிமோட்டிலை குச்சி கிடக்கு, பெருவிரலிலை பாரம் தெரியும். பழக்கம் விரலுக்கெல்லோ வரவேணும்."

வாங்குமுன் ஓட்டிப் பார்க்கத் தரும் வேறு இலவசப் பதிப்புகள் எங்கள் ரிமோட்டைக் கண்டுகொள்ளவேயில்லை. இரண்டைக் கழித்துவிட்டோம். இரண்டு கிழமை போனபின்தான் பிழை எங்களுடையது என்று தெரிந்தது. ரிமோட்டைக் கணினியோடு இணைக்கப் பட்டணத்தில் வாங்கிய வயர் மின்னேற்ற மட்டும் உதவுவது, தகவல் கடத்தாது. அக்கா கட்டங்களை அழித்து அந்த இரண்டையும் திரும்ப எழுதினார்.

"பாவம். அதுகளிலை பிழையில்லை."

அவையும் பிறகு விலையில் விழ, எஞ்சியது ஓர் இலவச மென்பொருள். பழையது, அழகில்லாதது. மைதானம் என்பது சுற்றிவர ஒட்டிய ஒரு புகைப்படம். அதன் நடுவில் நாம் நிற்கிறோம், நகர முடியாது. விமானம் மட்டும் போய் வரும். போகும்போது பிரச்சினையில்லை. நம்மை நோக்கித் திரும்பி வரும்போது இடம் வலமாகிவிடும், வலம் இடமாகிவிடும். அக்கா முதன்முதலில் அப்படி வந்ததைப் பார்த்து, கதிரையோடு பின்னுக்குத் தள்ளி, தலையைக் குனிந்தார். திரையில் விமானம் நொறுங்கியது.

நான் சிரித்தேன். அவர் பேனையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில் சரி போட்டார்.

"விழேக்கை வயித்துக்கை பகீரெண்டு வரவேணும். இல்லாட்டி அது விளையாட்டு."

அதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் இருந்தது. நாமே எடுத்த புகைப்படத்தை மைதானமாக வைக்கலாம். பணம் கொடுத்து வாங்குவதில் நோர்வேயின் புல்வெளி இருக்கும், புத்தூர் இருக்காது.

புத்தூரில் நாங்கள் முன்பு அளந்து கொடுத்த வயல் ஒன்று. அறுவடை முடிந்து, மழைக்கு முந்திய காலம், அரிந்த நெல்லின் வெறும் தாள். தென்மேற்கில் கிணறும் பம்ப் கொட்டிலும். வடகிழக்கில் பனை வரிசை. காணிக்காரர் கந்தையா அண்ணை கைகட்டி நின்று கேட்டார்.

"சத்தம் வருமோ?"

"இல்லை அண்ணை. தும்பி மாதிரித்தான். பட்டம் விடுறதில்லையே, அப்பிடி."

"பட்டமெண்டா நூல் கிடக்கும், இழுத்தா வரும். உதிலை என்ன கிடக்கு?"

அந்த வயதுக்காரர் போர்க்காலத்து வானத்தில் எதைப் பார்த்திருப்பார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். பிறகு அவரே சொன்னார்: "பகலிலை விடுங்கோ. விடமுந்தி எனக்கொரு சொல்லுச் சொல்லுங்கோ."

அக்கா வயல் நடுவில் முக்காலியை ஊன்றினார். கமராவைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒரு சுற்றுப் படம் எடுத்தார். வெயில். நான் குடையோடு படத்துக்கு வெளியே விலகிப் போனேன். விலகிப் போன இடம் அடுத்த படத்துக்குள் இருந்தது. எல்லாவற்றையும் இணைத்தபோது வயலில் நான் இரண்டு தரம் நின்றேன், இரண்டு குடையோடு.

"அழிச்சுவிடுங்கோ அக்கா."

"ஏன்? அளவைக் கம்பு மாதிரி வடிவா நிக்கிறீர். உமக்கும் உமக்கும் நடுவிலை இறக்கிறன்."

அப்படித்தான் இறக்கினார். மார்கழி, தை, மாசி. வேலை முடிந்து வீட்டுக்குப் போய், தேநீர் குடித்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரம் வரை. அப்பியாசக் கொப்பி ஒன்றில் ஒவ்வொரு தரையிறக்கத்துக்கும் ஒரு கோடு. உடைந்தால் கோடு இல்லை. தன்னிடம் அவர் கடுமையானவர். புகைப்படத்துப் பனையில் விமானம் மோதாது, அதன் முன்னால் வழுக்கிப் போய்விடும். "படத்துப் பனை அடிக்காது. புத்தூர்ப் பனை அடிக்கும்" என்பார். பனைகளின் ஓலை வட்டுக்குக் கீழே விமானம் தெரிந்தால், நல்லபடி இறங்கினாலும் அதைக் கணக்கில் எடுக்கமாட்டார்.

வைகாசியில் எண்பத்தாறு ஆகிவிட்டது. சோளகம் தொடங்கியிருந்தது. தென்மேற்கிலிருந்து வரும் அந்தக் காற்றை எதிர்பார்த்துத்தான் அவர் மென்பொருளில் காற்றின் திசையை ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தார். மாதிரி விமானம் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்கவேண்டும். நூறு ஆனதும் வருகிற முதல் ஞாயிறு புத்தூர். கந்தையா அண்ணைக்கும் சொல்லியாயிற்று.

அன்று நான் அவருக்குப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உயரத்தில் அவர் இயந்திரத்தை நிறுத்தி, விமானத்தைச் சும்மா விட்டார். அது மெல்ல ஒதுங்கியது. கிணற்றுப் பக்கம். பம்ப் கொட்டில் பக்கம்.

சொல்லலாமா என்று யோசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு தரையிறக்கம் முடியுமளவு நேரம். எண்பத்தேழு.

"அக்கா, சோளகமெண்டா பனைப் பக்கமெல்லோ தள்ளும்?"

அவர் ரிமோட்டை மேசையில் வைத்தார். திரையைப் பார்த்தார். காற்றுத் திசைக்குரிய பெட்டியைத் திறந்தார். அவருடைய தகப்பனைப்போலக் கடலுக்குப் போகிறவர்கள் காற்றை அது வரும் திசையால் அறிவார்கள். அவரும் வரும் திசையை எழுதியிருந்தார். மென்பொருளைச் செய்தவர் கேட்டிருந்தது காற்றுப் போகும் திசையை. எல்லாம் தலைகீழ். எண்பத்தேழு தடவையும் அவர் உயரம் குறைந்த பம்ப் கொட்டிலின் மேலால் சுகமாக வந்து இறங்கியிருக்கிறார். புத்தூரில் நிஜச் சோளகத்தில் பனை வரிசையின் மேலால் வரவேண்டும்.

பிறகு சொன்னார்:

"அப்பு இருந்திருந்தா என்னை வள்ளத்தாலை தள்ளி விட்டிருப்பார்."

"ஒருத்தருக்கும் தெரியாதுதானே, அக்கா."

"குருநகர்க்காரி காத்துத் திசையைப் பிழைவிட்டவள் எண்டு வெளியிலை கதைச்சிடாதையும், என்ன?"

கதைக்கமாட்டேன் என்றேன். இப்போது எழுதியிருக்கிறேன். மன்னிக்க அவர் இல்லை.

இன்னும் பதின்மூன்றுதானே, திசையை மாற்றிவிட்டு மிச்சத்தைப் பனைப் பக்கத்தால் இறக்குங்கள் என்றேன். அவர் அடிமட்டத்தை எடுத்தார். எண்பத்தேழு கோடுகளுக்கும் மேலாக ஒரே ஒரு கோடு இழுத்தார். நேர்க்கோடு.

"பிழையான கோட்டிலையிருந்து சரியான காணி அளக்கேலாது பிள்ளை. உமக்குத் தெரியும்தானே."

அடுத்த பக்கத்தில் ஒன்றிலிருந்து தொடங்கினார். கந்தையா அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து, பிந்தும் என்றார். பனைப் பக்கம் கடினமாக இருந்தது. பலநாள் ஒரு கோடும் விழாது. நான் அலுவலகத்தில் கேட்பேன், எத்தனை என்று. அவர் விரலால் காட்டுவார்.

அவர் இறந்த நாளில் நாற்பத்தொன்று.

நான் எனக்குள் பலமுறை இதைக் கழித்தும் கூட்டியும் பார்த்திருக்கிறேன். வாய் திறக்காமல் இருந்திருந்தால் அவர் வைகாசி முடியுமுன் புத்தூரில் நின்றிருப்பார். விமானம் எழும்பியிருக்கும். ஒரு நிமிடமாவது கை மேலே நின்றிருக்கும். பிறகு பனையில் அடித்திருக்கலாம். அடிக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: என் ஒரு வசனத்துக்கு முன்னால் அவருக்குப் பதின்மூன்று மிச்சம் இருந்தது, பின்னால் நூறு.

அன்ரன் திருநாளுக்கு வரவிருந்தவர். செத்தவீட்டுக்கு வந்தார். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு. எல்லோரும் போனபின் முன்னறையில் அவரும் நானும். கொப்பியைக் கொடுத்தேன். வெட்டிய எண்பத்தேழு. அடுத்த பக்கத்தில் நாற்பத்தொன்று. அவர் கோடுகளில் விரலை வைத்து மெதுவாக எண்ணினார், ஏதோ பிழை இருக்கும் என்பதைப்போல.

"நூறெண்டு நான் பகிடிக்குச் சொன்னனான்" என்றார். "இருவது காணும். ஆரும் இருவதோடை தொடங்குவினம்."

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"காத்துப் பிழையெண்டு சொன்னது நான்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நீங்கள் சொல்லாமல் விட்டு, பிறகு அவவுக்குத் தெரிஞ்சிருந்தா?" கொப்பியை மூடினார். "என்னோடை ஒருக்கா, சின்னனிலை, மூண்டு மாசம் கதையாமல் இருந்தவ. வீட்டுப்பாடத்தை அவவின்ரையைப் பாத்து எழுதிப்போட்டன் எண்டு."

விமானத்தைப் புத்தூருக்குக் கொண்டுபோகலாமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதைப் பெட்டியிலிட்டுத் திரும்பக் கொண்டுபோனார். ரிமோட்டையும் கொப்பியையும். கந்தையா அண்ணைக்கு நான்தான் சொன்னேன், இனி விடமாட்டோம் என்று. "அந்தப் பிள்ளை தும்பியெண்டு சொன்னதுக்காகவே விடச் சொன்னனான்" என்றார்.

அன்ரனிடம் நான் கேட்டு வாங்கியது ஒன்றுதான். அந்த மென்பொருளும் புத்தூர்ப் படமும். இப்போது என் மடிக்கணினியில் இருக்கின்றன. ரிமோட் இல்லாததால் என்னால் பறக்கவிட முடியாது. திறந்து வைத்துப் பார்க்க மட்டும் முடியும். காற்றுத் திசை சரியாக இருக்கிறது. திருத்தியபின் அவர் அதைத் தொடவில்லை.

படத்தில் எல்லாம் உண்டு. தாள், கிணறு, பம்ப் கொட்டில், பனைகள். அவர் இல்லை. முக்காலி நின்ற இடத்தில்தான் அவர் நின்றார், திறப்பவர் யாரானாலும் அந்த இடத்திலேயே நிற்கவேண்டும். அங்கிருந்து பார்த்தால் வயலில் குடையோடு நான் நிற்கிறேன், இரண்டு இடத்தில். இரண்டு இடத்திலும் அவரைப் பார்த்துக்கொண்டு. நடுவில், அவர் இறக்குவதற்கு விட்ட இடம்.