பச்சைப் பொட்டலம் வைத்த சர்வர்

கான் யுங்-சென் எங்கள் மாவட்ட அலுவலகத்து மெயில் சர்வரைப் பத்தொன்பது வருடம் கட்டி மேய்த்தவர். தைவானில் இந்த வேலைக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. மெயில் நின்றால்தான் அவர் பெயரே ஞாபகம் வரும்.

முன்பு அந்த மென்பொருள் ஒரே கட்டியாக இருந்தது. நல்ல வேகம். ஆனால் குப்பை மெயில் வடிகட்டியை மாற்றக்கூட எல்லாவற்றையும் நிறுத்தி, முழுக்க மறுபடி கட்ட வேண்டும். நிறுத்தும்போதெல்லாம் மேலாளர் குதிப்பார். கான் அண்ணன் அதைப் பதினொரு துண்டுகளாகப் பிரித்தார். மெயில் வந்தால் அதற்கென்று ஒரு நிரல் பிறக்கும். துண்டுகளை எடுத்து மாட்டிக்கொள்ளும். மெயிலைச் சேர்த்துவிட்டுச் செத்துப்போகும். எதையும் நிறுத்தாமலே துண்டை மாற்றலாம். மெயிலுக்குக் கண்சிமிட்டும் நேரம்கூடக் கூடவில்லை. மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

“ஒண்ணு ரெண்டுன்னா சரி. பத்தாயிரம் ஒண்ணா வந்தா? ஒரு தடவ முழு பாரத்த ஏத்திப் பாத்துடணும்டா” என்றார் கான் அண்ணன், உதவியாளனான என்னிடம்.

சர்வர் அடங்கி நடக்க அதன் தலையில் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் வைப்பது எங்கள் வழக்கம். மஞ்சள் ஆகாது, தேதி தாண்டக் கூடாது. அன்று புதுசு வைத்தவன் நான். பொட்டலம் வைத்து ஒழுங்காக ஓடுகிற மிஷினை ஏன் சீண்ட வேண்டும் என்று சிரித்தேன். அவரும் சிரித்துச் சோதனையைத் தள்ளிப்போட்டார். இந்த முட்டாள்தனத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மலையடிக் கிராமத்துக்கு அவர் அக்கா ஷு-யுன்தான் தலைவி. ஆகஸ்ட் புயலன்று மதியம் அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

“சும்மா சும்மா ஆளுங்கள இழுத்துட்டுப் போனா அடுத்த தடவ ஒருத்தரும் வர மாட்டாங்க. வெளியேறச் சொல்லி உன் மெயில் வரட்டும், கெளம்பிடுறேன். லேட்டாகாதே?”

“என்னிக்குக்கா லேட் ஆச்சு?”

சிறிது நேரத்தில் செல்போன் கோபுரம் சாய்ந்தது. அவள் அலுவலகத்தில் இணையம் மட்டும் உயிரோடிருந்தது.

இரண்டரைக்கு வெளியேற்ற உத்தரவு வந்தது. பன்னிரண்டாயிரம் மெயில்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு நிரலுக்கும் பதினொரு துண்டுகள். நினைவகம் நிரம்பி, இடம் தேடி சர்வர் ஹார்ட் டிஸ்கைச் சுரண்ட ஆரம்பித்தது. துண்டு மாட்டுவதிலேயே அதன் மூச்செல்லாம் போனது, மெயில் நகரவில்லை. கான் அண்ணன் தட்டிய ஓர் எழுத்து திரையில் தெரிய ஒரு நிமிடம் ஆனது. கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பழைய கட்டியை மறுபடி கட்டினார். அதற்குள் நான்கே முக்கால். அது ஓட ஆரம்பித்ததும் காத்திருந்த மெயில் வரிசை நிமிடங்களில் காலியானது.

மலை சரிந்தது நான்கு பத்துக்கு. அக்காவின் உடல் அலுவலக மேசையருகில்தான் கிடைத்ததாம். பதிவில் பிழை ஒன்றும் இல்லை. அவள் பெயருக்கு எதிரே நான்கு ஐம்பது, ஒப்படைக்கப்பட்டது என்றிருந்தது.

பொட்டலத்தை எடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையாட்டினார்.

“அது என்னடா பண்ணும்? பாக்கணும்னு தெரிஞ்சும் பாக்காம விட்டது நான்தானே.”

அந்தத் துண்டுகளை அவர் மறுபடி தொடவே இல்லை. தினமும் காலையில் அக்கா முகவரிக்கு ஒரு மெயில் அனுப்பி நேரம் பார்க்கிறார். அரை நொடியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.