சித்தேரி மலைக்கு உப்பு போட்ட ஐஸோடு

சித்தேரிக்கு எப்போது போகலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: மார்கழி. நான் போனது எண்பத்தாறு மார்கழியில். மலை பார்க்கும் ஆசையைத் தவிர வேறு காரணம் கிடையாது. வழி தெரியாத எனக்கு நர்ஸ் ஜமீலா துணையாகக் கிடைத்தார். மேலே ஓர் ஊரில் கக்குவான் இருமல் பரவியிருந்தது. குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடக் கிளம்பியிருந்தார். "மருந்துப் பொட்டியத் தூக்கிட்டு வந்தீங்கன்னா கூட்டிட்டுப் போறனுங்க" என்றார். சரி என்றேன்.

சேலத்திலிருந்து காலை ஐந்தரை பஸ், பாப்பிரெட்டிப்பட்டிக்கு மூன்று ரூபாய் எழுபது காசு. அங்கே ஆஸ்பத்திரிக்குள் ஜமீலா ஊசி ரிஜிஸ்டர் எடுக்கப் போன நேரத்தில் பெட்டிக்கு இன்னும் கொஞ்சம் ஐஸ் வாங்கினேன். கடைக்காரர், "கல்லுப்பு ஒரு கை போடுங்க, சில்லுனு நிக்கும். குச்சி ஐஸு அப்படித்தானுங்க செய்யறோம்" என்றார். நான் இரண்டு கை போட்டேன். ஜமீலாவிடம் மேலே போய்ச் சொல்லிப் பாராட்டு வாங்கலாம் என்று ஒரு நினைப்பு!

அடிவாரத்திலிருந்து ஏழு கிலோமீட்டர், மூன்று மணி நேர நடை. பாதி மலையில் பனிமூட்டம் எங்களை விழுங்கியது. முன்னால் போகும் ஜமீலாவின் வெள்ளைச் சேலை தெரியும், மறையும். நடக்கிறேனா மிதக்கிறேனா என்றே புரியவில்லை. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒரு குழந்தையின் இருமல் வந்தது. விடாமல் இருமி, கடைசியில் மூச்சை இழுக்கும் கூவல். ஊர் வந்துவிட்டது என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பதினோரு தாய்மார்கள் காத்திருந்தார்கள். முதலில் நின்றவள் அலமேலு. இடுப்பில் மூன்று வயது மகள். பிறந்து இருபதே நாளான மகன் வீட்டில் இருந்தான். "அவனுக்கு இன்னும் ஊசி போடக் கூடாதாமுங்க. இவளுக்கு வராமப் பாத்துக்கிட்டா அவனுக்கும் ஒட்டாதுன்னு போன தடவ சொன்னீங்களே, அதான் ஓடியாந்தேன்" என்றாள் ஜமீலாவிடம்.

ஜமீலா பெட்டியைத் திறந்தார். குப்பிகள் கல்லாக உறைந்திருந்தன. ஒன்றைக் கையில் வைத்து உருக்கி, குலுக்கிப் பார்த்தார். அரிசி கழுவிய தண்ணீர் தெளிவதுபோல் மருந்து அடியில் திரிதிரியாகப் படிந்தது.

"ஐஸுல உப்புப் போட்டீங்களா? இந்த மருந்து சில்லுனு இருக்கணும், உறைஞ்சா செத்துருமுங்க."

தலையாட்டினேன். பேசாமல் போட்டுவிடலாமே, யாருக்குத் தெரியும் என்று என் மனம் அடித்துக்கொண்டது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான். அது என் முகத்தில் தெரிந்ததோ என்னவோ, "செத்த மருந்தக் குத்துனா ஊசி போட்டாச்சுன்னு நம்பிக்கிட்டிருப்பாங்க. அதவிடப் போடாமயே இருக்கலாமுங்க" என்றார். எல்லோரும் பார்க்க, மருந்து கெட்டுவிட்டது என்று சொல்லி குப்பிகளை ஒதுக்கி வைத்தார். என் பேரைச் சொல்லவில்லை. நானே சொன்னேன்.

அலமேலு கோபப்படவில்லை. "அப்ப நீங்களே போயி வேற எடுத்தாங்க" என்றாள்.

ஜமீலா எழுதிக் கொடுத்த சீட்டோடு இறங்கினேன். மறுநாள் காலை பத்தரைக்கு, ஆஸ்பத்திரிக்காரர்களே அடுக்கிக் கொடுத்த பெட்டியோடு மறுபடி மேலே நின்றேன். பனியில் நனைந்து எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. அதே பதினோரு பேரும் வந்திருந்தார்கள். ஊசி வேண்டாமென்று முதல் நாள் எட்டியே நின்ற இரண்டு பேர்கூடப் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டார்கள். அலமேலுவின் மகள் ஊருக்கே கேட்கும்படி அழுதாள். "மாசத்துக்கு ஒண்ணா மூணு ஊசி முடியணும். அதுவரைக்கும் இருமறவங்க யாரையும் பச்சப்புள்ள கிட்ட விடாத" என்றார் ஜமீலா.

கிளம்பும் முன் அந்தக் கைக்குழந்தையை ஒருமுறை பார்க்க ஆசைப்பட்டு அலமேலு வீட்டுக்குப் போனேன். கதவருகில் வந்தவள் சிரித்தாள். நான் பேச வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது. சிரித்த முகம் மாறவில்லை, கதவு மட்டும் சாத்திக்கொண்டது. "கோவிச்சுக்காதீங்க, அப்பறமா வாங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. கோபமா! இரண்டு நாளில் நான் பார்த்ததிலேயே எனக்கு அதிக நிம்மதி தந்தது அந்தச் சாத்திய கதவுதான். வெளியே பனியில் நின்று, உள்ளே குழந்தை அழுவதைக் கேட்டேன். நல்ல கணீரென்ற அழுகை. நடுவில் ஓர் இருமல்கூட இல்லை.

போகிறவர்களுக்கு: கம்பளி, டார்ச், இரண்டு வேளைச் சோறு அவசியம். சளி இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மலை எங்கும் போய்விடாது.