குரல் போன பிறகு

பேருந்து நிலையத்தில் வண்டிகளின் வரவை மைக்கில் சொல்பவள் அவள். குரலை ஊரே அறியும். முகம் யாருக்கும் தெரியாது. வீட்டிலும் அதே சுருதிதான். "மெதுவாப் பேசு தாயே, நான் ஒண்ணும் பஸ்ஸைத் தவறவிடல" என்பான் கணவன். மாமியாருக்குக் காது மந்தம். ஆகவே மாமியாருக்கும் அவளுக்கும் நடக்கும் சண்டையைக் கேட்கத் தெருவில் யாரும் தனியாக மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், "உயிருக்கு ஆபத்தில்ல. குரல் கொஞ்சம் கம்மியாகும்" என்றார். அவருடைய கொஞ்சம் பெரிய கொஞ்சமாக இருந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது.

வைத்தியத்துக்குக் கணவனின் வேன் போயிற்று. பின்னாலேயே வீடும் போயிற்று. மாடியில் ஒற்றை அறைக்குக் குடிவந்தார்கள். கட்டிலைப் போட்டால் கதவு திறக்கவில்லை. மூவரும் யோசித்துப் பார்த்துவிட்டு, கதவு இருக்கட்டும் என்று கட்டிலை விற்றார்கள். கணவன் இன்னொருவர் வேனை ஓட்டப் போனான். நிலையத்தில் அவளைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றினார்கள். குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் பேச வேண்டிய அவசியமில்லை.

வேலை முடிந்து வந்தால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். அழுதாள், அதற்கும் சத்தம் வரவில்லை.

ஒரு மத்தியானம் மாமியார் தட்டைத் தள்ளினாள். "என்னடி குழம்பு இது, உப்பே இல்ல!"

மருமகள் சூடாகப் பதில் கொடுத்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"என்ன?"

மறுபடி அசைந்தது.

"என்னடி சொல்ற?"

ஒருத்திக்குக் குரல் இல்லை, இன்னொருத்திக்குக் காது இல்லை. சண்டை அந்தரத்தில் நின்றது. மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, மருமகளின் வாயருகே காதை வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இவ்வளவு கிட்டத்தில் வந்ததில்லை. தோடு கன்னத்தில் உரசியது. அத்தனை அருகில் வந்து நிற்கும் காதுக்குள் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

"உப்பு தீந்துபோச்சு அத்தை" என்று காற்றாலேயே சொன்னாள்.

"அப்படிச் சொல்லேன். அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டு மாமியார் அங்கேயே உட்கார்ந்துகொண்டாள். எழுந்து போனாலும் அந்த அறையில் அதிக தூரம் போயிருக்க முடியாது.

அதன்பின் அதுவே பழக்கமாயிற்று. எதுவானாலும் காதோடுதான். யாரையும் கூப்பிட வேண்டாம், கையை நீட்டித் தொட்டால் போதும். பழைய வீடாக இருந்தால் நாளெல்லாம் அறை அறையாக ஓடியிருப்போம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் கணவன் உற்சாகமாக வந்தான். "ரெண்டு ரூம் வீடு ஒண்ணு இருக்காம். வாடகையும் தோதுதான். போலாமா?"

அவள் மாமியாரின் காதில் ஏதோ சொன்னாள். மாமியார் தெருமுனை வரை கேட்கும்படி அறிவித்தாள்: "வேணாமாம்டா! இங்கயே நல்லாத்தான் இருக்காம்!"

"உனக்குமாம்மா?" என்று கேட்டான் அவன்.

மாமியாருக்கு அது காதில் விழவில்லை. மருமகளிடம் திரும்பி, "என்னவாம் இவனுக்கு?" என்றாள்.

அவள் சத்தமில்லாமல் சிரித்தாள், தோள் குலுங்க. அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இருவருக்கும் நடுவே இருந்த இடத்தில் உட்கார்ந்தான்.