இறகு ஜெர்கினும் இரண்டு ஊக்கும்

இறகு ஜெர்கினிலிருந்து இறகு வெளியே வந்தால் அது மட்டமான சரக்கு என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். நான் இரண்டு மாதம் நம்பினேன். அந்த நம்பிக்கைக்கு என் பள்ளிக்கூடத்தையே விலையாகக் கொடுத்திருப்பேன்.

எங்கள் வீடு சங்கராபுரத்தில். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பக்கம். தினமும் ஸ்கூட்டியில்தான் போகிறேன். மார்கழியில் வளைவுக்கு வளைவு குளிர் ஏறிக்கொண்டே போகும். போன வருடம் நெஞ்சில் சளி கட்டி மூன்று வாரம் படுத்துவிட்டேன். அப்போதே வீட்டில் தீர்ப்பு ஆகிவிட்டது: இன்னொரு தடவை படுத்தால் கீழே மாறுதல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு வந்த டீச்சர்கள் எல்லாரும் வந்த வேகத்தில் இறங்கிப் போனவர்கள். பிள்ளைகள் என்னிடமும், "நீங்க எப்ப டீச்சர் போவீங்க?" என்று முதல் வாரமே கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது. போகமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற எனக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல குளிர் உடை, அவ்வளவுதான்.

தங்கை வெளிநாட்டில் நர்ஸ். லீவில் வந்தவள் தன்னுடைய கருநீல ஜெர்கினை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்ளே வாத்து இறகு. கையில் எடுத்தால் கனமே இல்லை, போட்டுக்கொண்டால் அடுப்பங்கரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

முதல் நாளே மாமியார் வாசலில் நிறுத்தினார்.

"இன்னாம்மா, ஆம்பளையாட்டம் ஜிப்பு மட்டும் போட்டுக்கினு கெளம்பிட்ட? மேல துப்பட்டாவ போட்டுக்கினு போ. நாலு பேரு பாக்கற ரோடு."

அந்த ஜெர்கினுக்குள் இருப்பது நானா, நெல் மூட்டையா என்று பெற்றவளுக்கே தெரியாது. அதன்மேல் துப்பட்டா எதை மறைக்க? கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. மலைக்காற்றில் துப்பட்டா பறந்து சக்கரத்தில் மாட்டினால் உயிர் போய்விடும். அதனால் வளையலில் தொங்கிய ஊக்குகளில் இரண்டைக் கழற்றி, இரண்டு தோளிலும் துணியோடு சேர்த்து அழுத்திக் குத்தினேன். தினமும் குத்தினேன். நம் பக்கத்துப் பெண்களுக்கு ஊக்கு குத்துவதெல்லாம் ஒரு வேலையா, கை தானாகச் செய்யும்.

பத்து நாளில் இறகு வர ஆரம்பித்தது. கழுத்தில், முடியில், சாப்பாட்டு டப்பாவில்கூட. "வூடு பூரா இறகு, கோழி அறுக்கற கடையாட்டம் கீது" என்று மாமியார் துடைப்பத்தோடு பின்னாலேயே வந்தார். எட்டிப் பார்த்த இறகை எல்லாம் நான் பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கினால் இன்னொன்று தலையை நீட்டியது. அழுக்குதான் காரணமோ என்று சோப்புப் போட்டு, துணி துவைக்கும் கல்லில் நாலு அடி அடித்து, முறுக்கிப் பிழிந்து வெயிலில் போட்டேன். இறகெல்லாம் மூலைக்கு ஒரு கட்டியாகத் திரண்டு, நெஞ்சுப் பக்கம் வெறும் துணியாகிவிட்டது. மறுநாள் மலை ஏறும்போது குளிர் நேராக உள்ளே போனது. இருமல் பிடித்துக்கொண்டது.

வீட்டுக்காரர் மாறுதல் விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்து மேசையில் வைத்தார். "அது ஓட்டை சரக்கு. ஜாஸ்தி யோசிக்காத, கையெழுத்து போட்டுடு" என்றார். நல்ல மனிதர்தான். என் இருமலைக் கேட்டுப் பயந்துதான் எழுதினார். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது.

தங்கைக்குப் போன் செய்து, நீ கொடுத்த லட்சணத்தைப் பார் என்று கத்தினேன். அவள் அதற்கு மேல் கத்தினாள். "புடுங்குனியா? யாராவது புடுங்குவாங்களாக்கா? அந்த இறகுக்குக் காம்பு கீது. ஓட்டை எங்க கீதுன்னு தேடி அது வழியா வெளிய வரும். நீ புடுங்கினா ஓட்டை பெருசாவும், கூடவே இன்னொண்ணும் வரும். பின்பக்கமா துணியோட புடிச்சி உள்ள இழு, ஓட்டைய நகத்தால தேச்சி மூடு. மொதல்ல எந்த எடத்துலேந்து வருதுன்னு பாரு."

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். ஜெர்கின் கைகளில் ஓர் ஓட்டையும் இல்லை. தையல் ஓரத்தில் ஒன்றிரண்டு, ஊசி போன இடம் என்றால் அது இருக்கத்தான் செய்யும். இரண்டு தோளிலும் மட்டும் சல்லடை. அத்தனையும் ஊக்கு குத்திய ஓட்டை. சரக்கில் ஒரு குறையும் இல்லை. ஊர் வாய்க்குப் பயந்து நானே தினமும் நாலு ஓட்டை போட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள தையல்காரரிடம் தோளை அடைத்துத் தைக்கச் சொன்னேன். "ஊசி போட்டா இன்னும் ஓட்டைதாங்க ஆவும். ரெயின்கோட்டுக்கு ஒட்டற துண்டு கெடைக்கும், அத ஒட்டுங்க" என்றார். ஒட்டினேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சமாகச் சோப்புப் போட்டு அலசி, பிழியாமல் காய்ந்த துவாலையில் வைத்து அமுக்கி, நிழலில் மூன்று நாள் காயவைத்தேன். போகும்போதும் வரும்போதும் கட்டிகளைத் தட்டித் தட்டிப் பிரித்துவிட்டேன். இறகு பழையபடி உப்பிக்கொண்டது.

நாலாம் நாள் காலையில் ஜிப்பை மட்டும் கழுத்துவரை இழுத்துவிட்டு இறங்கினேன். மாமியார் வாசலில் நின்றார். வீட்டுக்காரரும் நின்றார்.

"துப்பட்டா எங்க?"

"உள்ளாற கீது அத்தை. இது மேல இனிமே ஊக்கு குத்தமாட்டேன்."

"ஊரு இன்னா சொல்லும்?"

"இன்னா வேணா சொல்லட்டும். நான் இருமறப்ப ஊரு வந்து நெஞ்சத் தேய்ச்சி வுடல."

அவர் வீட்டுக்காரரைப் பார்த்தார். நான் மேசையிலிருந்து எடுத்துவந்த விண்ணப்பத்தை இரண்டாகக் கிழித்து வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மலைமேல் போய்ச் சேரும்வரை ஓர் இருமல்கூட வரவில்லை. அன்றைக்கு வகுப்பில் நுழைந்ததும், யாரும் கேட்காமலேயே பிள்ளைகளிடம் சொன்னேன்: "அடுத்த வருசமும் நான்தான் உங்க டீச்சர்."